சமையல் புத்தகத்தை வைத்து வாரநாள் ராத்திரிச் சமையல்: நடக்கிற காரியமா?

புதுவீடு (மடிப்பாக்கம், சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். திரும்பி வர ஏழரை ஆகிவிடும். ஒன்பதுக்குள் குழந்தை சாப்பிட்டுப் படுத்தாக வேண்டும். சமையல் தெரியாது என்றில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆற அமரச் செய்தால் நன்றாகவே வரும். வாரநாளில்தான் கடை மாவில் தோசை, அதுவும் இல்லையென்றால் ஆர்டர் என்று ஓடுகிறது.

அலமாரியில் சமையல் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாணத்துக்குப் பரிசாக வந்தவை, மாமியார் கொடுத்தவை, பெண்கள் இதழ்களோடு இணைப்பாக வந்த "30 வகை" குட்டிப் புத்தகங்கள் ஒரு கட்டு. "அவசரச் சமையல்" என்று அட்டையில் போட்டிருப்பதைத் திறந்தால் முதல் வரியிலேயே "பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து" என்று ஆரம்பிக்கிறது. ஏழரைக்கு ஊறவைத்து ஒன்பதரைக்கு அரைப்பதா?

புத்தகத்தைப் பார்த்து, 40 நிமிடத்துக்குள், திங்கள் முதல் வெள்ளிவரை சமைக்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் செய்கிறீர்கள்? சைவமும் முட்டையும் சரி. யூடியூப் லிங்க் மட்டும் தயவுசெய்து வேண்டாம். மாவுக் கையோடு போனைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டாவதுமாடி (சிங்கப்பூர்)

யூடியூப் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதற்கு வக்காலத்து வாங்குகிறேன், திட்டாதீர்கள். "பதமாக வதக்கவும்" என்று புத்தகத்தில் போட்டிருந்தால் எந்தப் பதம் என்று எனக்கு எப்படித் தெரியும்? "கெட்டியானதும் இறக்கவும்" என்றால் எவ்வளவு கெட்டி? வீடியோவில் கண்ணால் பார்த்துவிடலாம். எனக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க வீட்டில் யாரும் கிடையாது, வாடகை அறையில் தனியாகக் கற்றுக்கொண்டவன். புத்தகம் என்பது ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதியது என்பது என் அபிப்பிராயம்.

கறிவேப்பிலை (மதுரை)

தம்பி, வீடியோவும் யோக்கியம் இல்லை. வெங்காயத்தை எண்ணெயில் போடுவதைக் காட்டுவார்கள், அடுத்த நொடி அது பொன்னிறமாக இருக்கும். நடுவில் வெட்டி எறிந்தது எவ்வளவு நேரம் என்று யார் சொல்வது? நாலு பெரிய வெங்காயம் நிஜமாகவே பொன்னிறமாக ஆக என் அடுப்பில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. புத்தகத்தில் "5 நிமிடம்" என்றுதான் போட்டிருக்கும். 5 நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும், அவ்வளவுதான்.

இன்னொரு ஏமாற்று வேலை, பொருள் பட்டியல். "சின்ன வெங்காயம் (உரித்தது) 1 கப், தேங்காய் (துருவியது) அரை கப், புளிக்கரைசல் 1 கப்" என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே "நேரம்: 20 நிமிடம்" என்று போடுவார்கள். ஒரு கப் சின்ன வெங்காயம் உரிக்கவே எனக்கு 20 நிமிடம் போய்விடும், கண்ணீர் தனி. யாரோ உரித்து வைத்து, யாரோ துருவி வைத்து, யாரோ கரைத்து வைத்த வீட்டில் எடுத்த நேரம் அது. கேட்டவருக்கு என் பதில்: புத்தகத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள், பொருள் பட்டியலில் இருக்கும் அடைப்புக்குறிகளை எண்ணுங்கள்.

கோவைக்காரி (பீளமேடு)

இத்தனை பேச்சு எதற்குங்க? எங்க ஊரில் அரிசிம்பருப்பு சாதம் என்று ஒன்று இருக்குங்க. வேலைக்குப் போகிற வீடோ, தோட்டத்து வேலை முடித்து வருகிற வீடோ, ராத்திரி அதுதான்.

ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் ஒன்றாகக் கழுவித் தண்ணீரில் போட்டுவிட்டு மற்ற வேலை. சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டு. உரிக்கப் பொறுமை இல்லையென்றால் பெரிய வெங்காயம் ஒன்று, யாரும் கோவிக்க மாட்டார்கள். பூண்டு ஒரு கைப்பிடி, ஒரு தக்காளி. குக்கரிலேயே எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை. வெங்காயமும் பூண்டும் லேசாக நிறம் மாறினால் போதும், பொன்னிறத்துக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், கொஞ்சம் மிளகைத் தட்டிப் போட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு. தண்ணீர் கொதித்த பிறகு அரிசி பருப்பைப் போட்டு மூடுங்க. மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் நெய் விட்டுக் கிளறினால் குழைவாக இருக்கணும், உதிரி உதிரியாக இருந்தால் அது வேறு சாப்பாடு. தொட்டுக்கொள்ளத் தயிர், அப்பளம். குழந்தைக்கு மிளகாய்த்தூளைக் குறைத்துக்கொள்ளுங்க.

அரிசி கழுவுவதில் ஆரம்பித்துத் தட்டில் போடும்வரை முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அதிலும் அடுப்பு பக்கத்தில் நீங்கள் நிற்பது கால் மணி நேரம்தான். மிச்ச நேரம் குக்கர் வேலை பார்க்கும், நீங்கள் குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

விசில்எண்ணாதே (ஓசூர்)

கோவைக்காரி அக்கா சமையலுக்குக் கும்பிடு. ஆனால் "மூன்று விசில்" என்று இருக்கிறதே, அதைப் படித்தால் எனக்குக் கை பரபரக்கும். என் பெயரிலிருந்தே தெரிந்திருக்கும்.

விசில் என்பது நேரத்தை அளக்கும் அளவுகோலே இல்லை. வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு குக்கருக்குள் சேரும்போது, தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. வேக வைப்பது அந்தச் சூடு. அதற்கு மேல் சேரும் ஆவி வெளியே போகும் சத்தம்தான் விசில். அடுப்பைப் பெரிதாக வைத்தால் நாலு விசில் சடசடவென்று வந்துவிடும், பருப்பு நறுக்கென்று இருக்கும். சிம்மில் வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும், பருப்பு மசிந்திருக்கும். உங்கள் குக்கர் 3 லிட்டரா 5 லிட்டரா, உள்மூடியா வெளிமூடியா, அடுப்பு கேஸா இண்டக்ஷனா என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால் புத்தகத்தில் இருக்கும் விசில் கணக்கு அந்தப் புத்தகம் எழுதியவர் வீட்டுக் கணக்கு.

முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து நிமிடம் எண்ணுங்கள். என் வீட்டில் ஊறாத துவரம்பருப்புக்கு 10 நிமிடம். கடிகாரம் பார்த்துச் சமைத்தால் எந்தப் புத்தகத்தையும் உங்கள் அடுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். குக்கரோடு ஒரு குட்டிப் புத்தகம் கொடுப்பார்களே, அதில் பெரும்பாலும் நிமிடக் கணக்கில்தான் இருக்கும். நாம்தான் அதை அட்டைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறோம். வாரநாளுக்கு உதவுகிற சமையல் புத்தகம் என்று என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அப்புறம், பருப்பு வேகவில்லை என்று குக்கரைத் திட்டுகிறவர்களுக்கு: பருப்போடு புளித்தண்ணீரைச் சேர்த்து வைக்காதீர்கள். புளிப்பு இருந்தால் பருப்பு மசியாது. ஒரு தக்காளி பரவாயில்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில், அதாவது போர்வெல் தண்ணீரில், இன்னும் நேரம் பிடிக்கும். மடிப்பாக்கம் என்றால் குடிக்கிற தண்ணீரிலேயே பருப்பு போடுங்கள்.

கோவைக்காரி (பீளமேடு)

தம்பி, எங்க பாட்டி காலத்தில் விசிலும் இல்லை நிமிடமும் இல்லை, வெங்கலப் பானையும் விறகும்தான். இருந்தாலும் நீங்கள் சொன்னது சரிதான். என் கணக்கில் மூன்று விசில் என்பது பெரிய தீயில் ஒன்று, சிம்மில் இரண்டு. எழுத விட்டுப்போச்சு.

நங்கநல்லூர்மாமி

மடிப்பாக்கம் பக்கத்திலேயே இருக்கே, நேரில் வந்தால் காட்டித் தருவேன். சரி, எழுதியே சொல்றேன்.

புத்தகத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" 1951-ல் வந்தது. கல்யாணமாகிப் போன பெண்கள் ஒவ்வொன்றுக்கும் ஊருக்குக் கடிதம் எழுதிக் கேட்கிற நிலை இருந்த காலம். அந்தப் புத்தகம் வந்த பிறகு எத்தனையோ பேர் அதைக் கூடவே எடுத்துக்கொண்டு அயல்நாட்டுக்கே போனார்கள். எட்டாவதுமாடி சொல்கிற மாதிரித் தெரிந்தவர்களுக்கு எழுதியதில்லை அது, ஒன்றும் தெரியாத பெண்ணுக்கு எழுதியது. அதில் எவ்வளவு, எப்போது, எதற்குப் பிறகு எது என்று எல்லாம் இருக்கும். ஆனால் அது பகலெல்லாம் வீட்டில் இருந்தவர்களுக்கு ஏற்ற சமையல். ஏழரைக்கு வீடு திரும்புகிறவள் அதை அந்த வேளையில் திறந்தால் மலைப்பாகத்தான் இருக்கும்.

அதனால் அடுப்புப் பக்கத்தில் வைத்துப் படிக்காதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு, கதைப் புத்தகம் மாதிரி படி. கையில் ஒரு பென்சில். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் எழுத்துப் போடு. ஊறவைக்கணும் என்றால் "ஊ". அரைக்கணும் என்றால் "அ". நறுக்கவும் உரிக்கவும் நிறைய இருந்தால் "ந". நின்று வதக்கணும், கிளறணும் என்றால் "வ". மூன்று எழுத்து விழுந்த குறிப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒரே எழுத்து என்றால் வாரநாளுக்கு. எழுத்தே இல்லாததும் கிடைக்கும், தேடு.

இதிலே "ஊ" என்பது பூச்சாண்டி. காலையில் கிளம்பும்போது ஒரு கைப் பருப்பைத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால் ராத்திரிக்கு ஊறியிருக்கும். அதற்கு அரை நிமிடம் ஆகுமா? "2 மணி நேரம் ஊறவைக்கவும்" என்று பார்த்ததுமே பக்கத்தைத் திருப்புகிறோம். உண்மையில் ஆளைக் கொல்வது "ந"வும் "வ"வும்தான். அந்த நேரம் முழுக்க நீ நிற்கணும்.

உதாரணத்துக்கு மோர்க்குழம்பு. பார்த்தால் "ஊ", "அ" இரண்டும் இருக்கு. காலையில் ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு ஸ்பூன் அரிசி, அரை ஸ்பூன் தனியா ஊறப்போட்டுவிட்டுப் போ. வந்ததும் அதோடு தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று. புளித்த மோரில் கரைத்து மஞ்சள்தூள், உப்பு. வெண்டைக்காயைத் தனியாக வதக்கி வைத்துக்கொள். அல்லது பூசணிக்காயை வேகவிட்டு அதிலேயே மோரை ஊற்று. சின்னத் தீ. ஓரத்தில் நுரை கட்டிப் பாத்திரம் முழுக்கப் பொங்கி வரும்போது அணைத்துவிடணும். தளதளவென்று கொதிக்கவிட்டால் மோர் திரிந்து தண்ணீர் வேறு, தயிர் வேறாகப் போய்விடும். தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் தாளித்துக் கொட்டு. சாதம் குக்கரில் ஆவி அடங்குவதற்குள் குழம்பு ஆயிடும்.

மிளகு ரசம் இன்னும் சுலபம், பருப்பே வேண்டாம். அதை யாராவது எழுதட்டும், எனக்குக் கை வலிக்கிறது.

எட்டாவதுமாடி (சிங்கப்பூர்)

மாமி, மன்னிக்கணும். அந்தப் புத்தகத்தின் பழைய பதிப்பு ஒன்றை நண்பன் வீட்டில் பார்த்தேன். ஆழாக்கு, பலம் என்று இருந்தது. மூடி வைத்துவிட்டேன். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

விசில்எண்ணாதே (ஓசூர்)

அது ஒன்றும் பெரிய விஷயமில்லை நண்பரே. இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்ததே 1956-ல்தான். அதற்கு முந்தைய புத்தகம் வேறெப்படி எழுதும்? 40 பலம் ஒரு வீசை, வீசை 1.4 கிலோ, ஆக ஒரு பலம் 35 கிராம். 8 ஆழாக்கு ஒரு படி. படிதான் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அதனால் ஆழாக்கை ஒரு சின்ன டம்ளர் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதே டம்ளரால் அளந்தால் விகிதம் தவறாது. புதிய பதிப்புகளில் மாற்றியே போட்டிருக்கிறார்கள்.

பழைய அளவை விட மோசமானது இன்றைய "கப்". அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. நம் ஊர்ப் புத்தகங்களில் 200 என்று வைத்து எழுதுகிறவர்களும் உண்டு. அரிசி 1, தண்ணீர் 2 என்கிற மாதிரிக் குறிப்பில் எந்தக் கப்பும் செல்லும். ஆனால் அரிசியைக் கப்பாலும் உப்பு, மிளகாய்த்தூளை ஸ்பூனாலும் சொல்லும் குறிப்பில் மாட்டிக்கொள்வோம். 240 மில்லி கப்புக்கு எழுதிய உப்பை 180 மில்லி கப்பால் அளந்த அரிசிக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகிவிடும். புத்தகத்தின் முன்பக்கங்களில் கப் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். போடவில்லை என்றால் உப்பையும் காரத்தையும் முக்கால் அளவில் ஆரம்பியுங்கள்.

ஸ்கார்பரோமச்சாள் (டொராண்டோ)

இதைப் பார்த்துக் கனக்க நாளைக்குப் பிறகு எழுத வேணும் போல இருந்தது. எங்கட வீடுகளில் இரவுச் சாப்பாடு எண்டால் இடியப்பமோ பாணோ (பிரெட்), ஒரு சொதி, ஒரு சம்பல். குளிர் காலத்தில் வேலை முடிஞ்சு வந்து கோட்டைக் கழட்ட முதலே பசிக்கும், கெதியாகச் செய்யக்கூடியது சொதிதான்.

இந்தியத் தமிழ்ப் புத்தகங்களில் சொதி எண்டால் திருநெல்வேலிச் சொதி இருக்கும். அது நிறைய மரக்கறியும் பாசிப்பருப்பும் போட்டுக் கலியாண வீட்டுக்குச் செய்யிற மாதிரி, மாமியின்ர கணக்கில் மூண்டு எழுத்து விழும். எங்கட சொதி அப்பிடியில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்ச வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. இவ்வளவையும் கப்பிப்பாலில், அதுதான் தண்ணியான தேங்காய்ப்பாலில், போட்டு அவிய விடுங்கோ. விருப்பமெண்டால் ஒரு தக்காளி. வெங்காயம் அவிஞ்சதும் கெட்டியான முதற்பாலை விட்டு, ஒரு கொதி வரும்போதே இறக்க வேணும். அடுப்பால் இறக்கின பிறகுதான் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு). அடுப்பில் இருக்கேக்க விட்டால் பால் திரைஞ்சு போகும். பத்து நிமிசம். இங்கே தேங்காய்ப்பால் டின்னில் வருது. பாதியைத் தண்ணீர் விட்டுக் கலந்தால் அது கப்பிப்பால், மிச்சம் முதற்பால். துருவிப் பிழியிற வேலை இல்லை. பிள்ளைக்கு எண்டால் பச்சை மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட்டுப் பிறகு எடுத்து விடுங்கோ.

பருப்புக்கும் குக்கர் தேவையில்லை. மைசூர்ப் பருப்பு, அந்தச் சிவத்தப் பருப்பு, ஊறப் போடாமலே சும்மா சட்டியில் கால் மணித்தியாலத்துக்குள் அவிஞ்சிடும். தோல் நீக்கி உடைச்ச பருப்பு எண்டபடியால் அப்பிடி. உள்ளி (பூண்டு), வெங்காயம், மஞ்சள் போட்டு அவிச்சு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். பாணுக்கும் நல்லது, சோத்துக்கும் நல்லது.

கறிவேப்பிலை (மதுரை)

மச்சாள், எங்கள் பக்கம் மைசூர்ப் பருப்பை வீட்டில் சேர்ப்பதே குறைவு. சாம்பாருக்குத் துவரை, பொங்கலுக்குப் பாசி, முடிந்தது. ஆனால் துவரம்பருப்பு விற்கிற விலைக்கு நீங்கள் சொல்வதைச் செய்து பார்க்கலாம் போலிருக்கிறது.

முட்டை சரி என்று கேட்டவர் சொன்னதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். முட்டைக் குழம்புக்கு முட்டையைத் தனியாக அவித்து, ஓடு உரித்து, கீறி, வதக்கி என்று புத்தகத்தில் அரைப் பக்கம் போகும். வேண்டாம். வெங்காயம், தக்காளி வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் ஊற்றிக் கொதித்து வாசனை வந்ததும் தீயைக் குறைத்து, முட்டையை ஒவ்வொன்றாக இடம் விட்டு உடைத்து ஊற்றுங்கள். கரண்டியை உள்ளே விடவே கூடாது, விட்டால் குழம்பெல்லாம் நூல் நூலாகிவிடும். மூடி போட்டு ஐந்து நிமிடம். வெள்ளை இறுகிய பிறகு மெதுவாகத் திருப்பிக்கொள்ளலாம். மசாலா முட்டைக்குள் இறங்கும் விதத்தில் அவித்த முட்டை இதற்குக் கிட்ட வராது.

ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்காரர் அந்த 40 நிமிடத்தில் என்ன செய்கிறார்? எந்தப் புத்தகத்திலும் இதற்கு இடம் இல்லை, அதனால் கேட்கிறேன்.

புதுவீடு (மடிப்பாக்கம், சென்னை)

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கறிவேப்பிலை அக்கா, அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், பாத்திரம் தேய்ப்பார். காய் நறுக்குவதும் அவர்தான், என்னை விடப் பொடியாக நறுக்குவார், ஆனால் ஒரு கேரட்டுக்கு எட்டு நிமிடம். ஆக "ந" அவர் கணக்கு, மற்றது என் கணக்கு.

மாமி, உங்கள் பென்சில் யோசனையை நேற்றே ஆரம்பித்துவிட்டேன். "30 வகை" புத்தகங்களில் கலவை சாதப் புத்தகம் மட்டும்தான் தேறுகிறது. கிரேவி புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் நாலு எழுத்தும் விழுகின்றன. முந்திரி ஊறவைத்து அரைத்து, வெங்காயம் வதக்கி ஆறவைத்து அரைத்து, மறுபடி வதக்கி... அதைக் கட்டி மேலே போட்டுவிட்டேன்.

இரண்டு சந்தேகம். காலையில் வடித்த சாதத்தை ராத்திரி எலுமிச்சை சாதமாக ஆக்கிக்கொள்ளலாமா? பொடி, பேஸ்ட் எல்லாம் கடையில் வாங்கினால் "சமைத்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாமா?

விசில்எண்ணாதே (ஓசூர்)

முதல் சந்தேகத்துக்கு: தாராளமாக, ஆனால் சாதத்தைக் காலை முதல் ராத்திரிவரை மேடை மேல் விடாதீர்கள். பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்து அரிசி வேகும்போதும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். காலையில் தட்டில் பரப்பி ஆறவிட்டு, கிளம்புமுன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த சாதம் உதிரியாக இருப்பதால் கலவை சாதத்துக்கு இன்னும் நல்லது.

நங்கநல்லூர்மாமி

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் பதில் சொல்றேன். கடைப் பொடியில் என்ன தப்பு? எங்கள் காலத்திலேயே மிளகாய்ப் பொடியை மிஷினில் கொடுத்துத்தான் அரைத்தோம், யாரும் உரலில் இடித்துக்கொண்டு உட்காரவில்லை. ஆனால் இஞ்சி பூண்டு பேஸ்ட் மட்டும் கடையில் வாங்காதே. புளிப்பாக இருக்கும், ரசத்தில் போட்டால் வாசனையே மாறிப் போகும்.

அதோடு, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் வீட்டில் இருந்தால் புதன்கிழமைக்குப் பயமே இல்லை. எலுமிச்சை அளவுக்கு இரண்டு உருண்டை புளி, கெட்டியாகக் கரைத்துக்கொள். நல்லெண்ணெய் தாராளமாக, அரை ஆழாக்கு, சரி, அரை டம்ளர். கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, ஏழெட்டு மிளகாய், பெருங்காயம் தாளித்துப் புளியை ஊற்றி, மஞ்சள்தூள், உப்பு போட்டு எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை கொதிக்கணும். வெந்தயமும் தனியாவும் வறுத்துப் பொடித்துக் கடைசியில். பார்த்தால் இதிலே "வ" மட்டும்தான், அதையும் ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம். ஈரக் கரண்டி படாமல் வைத்தால் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் இருக்கும்.

எட்டாவதுமாடி (சிங்கப்பூர்)

மாமி விட்டுவைத்த மிளகு ரசத்தை நான் எழுதுகிறேன், புத்தகம் பார்த்துச் செய்ததுதான், நக்கல் பண்ண வேண்டாம். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், நாலு பல் பூண்டு தோலோடு, எல்லாவற்றையும் இடிக்கிற கல்லில் ஒன்றிரண்டாகத் தட்டவேண்டும். மிக்ஸியில் நைசாக அரைத்தால் ரசம் கலங்கிக் காரம் தொண்டையில் நிற்கிறது. நெல்லிக்காய் அளவு புளி கரைத்து, ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து, உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம் போட்டுப் புளி வாசனை போகக் கொதிக்கவிட்டு, தட்டிய பொடி, ஒரு டம்ளர் தண்ணீர். நுரைத்து வந்ததும் இறக்கி நெய்யில் கடுகு, கறிவேப்பிலை. "நுரைத்து வந்ததும்" என்பதைப் புத்தகத்தில் படித்துத்தான் செய்தேன், பார்த்ததும் புரிந்துவிட்டது.

ரைஸ் குக்கர் இருப்பவர்களுக்கு ஒன்று: மேலே வைக்கும் ஆவித் தட்டில் சாதம் வேகும்போதே முட்டையோ பீன்ஸோ வைத்துவிடலாம். சாதம் ஆகிற நேரத்தில் ரசம் ஆகிவிடும். தனி ஆளுக்கு இதுவே விருந்து.

ஸ்கார்பரோமச்சாள் (டொராண்டோ)

தேங்காய் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தேங்காயைத் துருவி, தட்டையாகப் பரப்பி, பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கோ. உருண்டையாக வைச்சால் கல்லு மாதிரி இறுகி, கத்தியும் இறங்காது. தட்டையாக இருந்தால் வேணுமெண்ட அளவு உடைச்சு எடுக்கலாம். மாமியின்ர "அ" அதோட பாதி குறைஞ்சிடும்.

கறிவேப்பிலை (மதுரை)

கரெண்ட் போகிற ஊரில் ஃப்ரீசரை நம்பாதீர்கள். எங்கள் தெருவில் கோடையில் தேங்காய் உருகி, மறுபடி இறுகி, ஒரு வாடை வந்துவிடும். இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானதை மட்டும் துருவி வைத்துக்கொள்வது நல்லது.

புதுவீடு (மடிப்பாக்கம், சென்னை)

இந்த வாரக் கணக்கு: திங்கள் அரிசிம்பருப்பு சாதம், செவ்வாய் மோர்க்குழம்பு, புதன் புளிக்காய்ச்சல், வியாழன் முட்டைக் குழம்பு (உடைத்து ஊற்றியது), வெள்ளி இடியப்பம் கடையில் வாங்கிச் சொதி. திங்கள் முடிந்தது. குழந்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. ஆனால் கோவைக்காரி அக்கா, அடியில் லேசாகப் பிடித்துவிட்டது. தண்ணீர் நீங்கள் சொன்ன அளவேதான் வைத்தேன். என்ன காரணம்?

கோவைக்காரி (பீளமேடு)

தக்காளி வதங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் மசாலாவைத் தண்ணீர் ஊற்றினதும் கரண்டியால் சுரண்டி விட்டீங்களா? அது ஒட்டியே இருந்தால் அதன் மேல் பருப்பு உட்கார்ந்து தீயும். இன்னொன்று, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு அரிசியைப் போட்டு ஒரு கிளறு கிளறித்தான் மூடணும். இண்டக்ஷன் அடுப்பென்றால் முதல் விசில் வந்ததும் சூட்டை நல்லாக் குறைச்சிடுங்க, அடி மெலிசான குக்கரில் அது சீக்கிரம் பிடிக்கும். செவ்வாய் மோர்க்குழம்பு எப்படி வந்தது என்று எழுதுங்க, மாமி காத்திருப்பாங்க.